சுவிட்ச் இருக்கும் இடம் தெரிந்தவன்

ஆரணியில் ஆற்காடு ரோட்டுப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீசியனாக இருந்தேன். கண் மங்க ஆரம்பித்ததும் கடையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஒயரிங் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் சிலரும், சேத்துப்பட்டு ரோட்டில் கடை போட்டிருக்கும் ஒரு தங்கச்சியும் அவ்வப்போது சந்தேகம் கேட்க என் வீட்டுக்கு வருகிறீர்கள். போன முறை வந்தபோது உங்களில் ஒருவர், "நீங்க வச்ச ரகசிய சுவிட்ச எவனாலயும் கண்டுபுடிக்க முடியாதாமேண்ணா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு தனியாக உட்கார்ந்து யோசித்தபோது, அப்படி மழுப்பியது தப்பு என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். சாவியைத் திருகினாலும் எஞ்சினுக்குக் கரண்ட் போகாதபடி நடுவில் ஒரு சின்ன சுவிட்ச். அதை வெளியே தெரியாத இடத்தில் ஒளித்து வைக்க வேண்டும். தொண்ணூறுகளில் அதற்கு ஆரணியில் நல்ல கிராக்கி. பட்டுச்சேலைக் கட்டுகளை வைத்துக்கொண்டு காஞ்சிபுரம், சென்னை என்று போய்வரும் வியாபாரிகள் நிறையப் பேர். அவர்களுக்கு வண்டி திருடு போனால் வண்டி மட்டும் போகாது.

அந்த வேலையில் கஷ்டம் ஒயரில் இல்லை. முடித்துக் கையைத் துடைக்கும்போது, சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் வண்டிக்குச் சொந்தக்காரர். இன்னொருவர் நீங்கள். அங்கேதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

டீக்கடையில் பெயின்டர் தான் அடித்த பெயின்டைப் பற்றிப் பேசுவார். டிங்கர் வேலைக்காரர், நசுங்கிய கதவைத் தட்டி எடுத்த கதையைச் சொல்வார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வார்த்தை தவறி வந்தாலும் யாரோ ஒருவரின் வண்டி போய்விடும். வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான புதிதில் என் மனைவி, "இன்னிக்கி இன்னா வேல பாத்தீங்க?" என்று ஆசையாகக் கேட்பாள். "ஒயரிங்" என்பேன். "யாரு வண்டி?" என்பாள். "ஒரு வண்டி" என்பேன். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டாள். வேலையைப் பற்றி மட்டுமல்ல, மற்றதைப் பற்றியும் கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது அவள் இல்லை. சொல்வதற்கு எத்தனையோ இருக்கிறது.

ஒருமுறை, வெளியூர் மளிகைக்கடைக்காரர் ஒருவரின் வேன் அவர் கடைவாசலிலிருந்து காணாமல் போனது. அதில் நான் சுவிட்ச் வைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. சுவிட்ச் தெரியாமல் அதைக் கிளப்ப முடியாது. "யாருக்கெல்லாம் தெரியும்?" என்று அந்த ஊர் ஸ்டேஷனில் கேட்டார்கள். "எனக்கும் அந்த ஆரணி எலக்ட்ரீசியனுக்கும்" என்று அவர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் என்னை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "வேற எந்தெந்த வண்டியில எங்கெங்க வச்சிருக்கே? லிஸ்டு குடு" என்று கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வேன் சித்தூரில் கிடைத்தது. கொண்டுபோனது அவருடைய டிரைவர்தான். சுவிட்ச் இருக்கும் இடத்தை டிரைவருக்குக் காட்டிக்கொடுத்ததை மளிகைக்கடைக்காரர் ஸ்டேஷனில் மறந்துவிட்டார்.

வெளியே வந்தபோது யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. நானாக பஸ் ஏறி வந்தேன். ஆனால் அதன் பிறகு கடையில் வேலை கூடியது. ரெண்டு நாள் உட்கார வைத்தும் வாயைத் திறக்காதவன் என்று பேர் வந்துவிட்டது. வேலை கொடுத்தார்களே தவிர, யாரும் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை. தன் ரகசியம் தெரிந்தவனை எதிரே உட்கார வைத்துச் சாப்பிட யாருக்கும் மனசு வராது போலிருக்கிறது.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் ஏகாம்பரம் என்னிடம் வந்தார்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு தறி போட்டிருப்பவர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கி விற்பவர். அதிர்ந்து பேச மாட்டார். சபாபதி என்று ஒரு தம்பி, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் சபாபதியை வளர்த்ததெல்லாம் ஏகாம்பரத்தின் மனைவி ராஜேஸ்வரி அம்மாள்தான். அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் தொழில் செய்தார்கள். பாகம் பிரிக்கும்போது, அவர்களிடம் இருந்த ஒரே கார் யாருக்கு என்று பேச்சு வந்து, பேச்சு முற்றி, இருவரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். கார் அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. ஒருநாள் தம்பி கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டார். அதற்கடுத்த வாரம் ஏகாம்பரம் என் கடைக்கு வந்தார்.

நல்ல மத்தியான வெயில். "ஷட்டர எறக்கு" என்றார். இறக்கினேன். வேலை முடியும்வரை அவர் காருக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முடித்துக் காட்டியதும் இரண்டு தடவை கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"எந்தம்பி உங்கிட்ட வருவான். எங்க வச்சிருக்கேன்னு கேப்பான். சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேங்க."

"அவன் வாய் சாமர்த்தியம் உனக்குத் தெரியாது. 'அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல, சாவக் கெடக்கறாரு'ன்னுகூடச் சொல்லுவான். நம்பிடாத."

"வீட்ல அம்மாவுக்காவது…" என்று இழுத்தேன்.

"அவளுக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி. அவளுக்கு அவன் புள்ள. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."

தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றி உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் தேவிகாபுரத்துக்குக் கிட்டே ஒரு கிராமத்தில், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவன். ஏகாம்பரம் போன்றவர்கள் வீட்டுக்கு வேலையாகப் போனால் வாசலோடு நிற்பவன். அப்படிப்பட்ட மனிதர் கூடப் பிறந்தவனை நம்பவில்லை, கட்டிய மனைவியை நம்பவில்லை, என்னை நம்புகிறார். அந்தப் பெருமையில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "ஒருவேள உங்களுக்கு நெஜமாவே ஏதாவது ஆயிடுச்சின்னா?" என்று ஒரே ஒரு கேள்வி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. சபாபதி ஒரு தடவைகூட என்னிடம் வந்து கேட்கவில்லை.

அது ஒரு வைகாசி முகூர்த்த நாள். காலை பதினோரு மணி இருக்கும். என் கடைச்சுவரை ஒட்டினாற்போல அமீது பாயின் எஸ்.டி.டி. பூத். எனக்கு வரும் போனெல்லாம் அங்கேதான் வரும்; நான் வேலை பார்த்த வண்டிகளில் ஒட்டும் கடை ஸ்டிக்கரிலும் அந்த நம்பர்தான். பாய் தலையை நீட்டி, "யப்பா, உனக்கு போனு. ஜல்தி வா, ஆளு பதர்றாரு" என்றார்.

போய் எடுத்தேன். ஓடிவந்து மூச்சு வாங்கும் குரல்.

"நான் சபாபதி பேசறேன். ஏகாம்பரம் தம்பி. தேசூர்லேர்ந்து பேசறேன். இங்க எங்க சொந்தக்காரங்க வூட்டு கிரகப்பிரவேசம். அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து விழுந்துட்டாரு. வண்டி ஸ்டார்ட் ஆவல. நீ வச்ச சுவிட்சுதான். எங்க கீதுன்னு சொல்லு."

அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்ன சொல்லி எச்சரித்தாரோ, தம்பி அதையே சொல்கிறார்.

"அண்ணன்கிட்ட கேளுங்க" என்றேன்.

"அவருக்கு நெனப்பே இல்லய்யா! பேச்சு மூச்சு இல்லாமக் கெடக்கறாரு."

"வேற வண்டி…"

"முகூர்த்த நாளுய்யா இன்னிக்கி! இருந்த ஒரு டாக்ஸியும் சவாரி போயிருச்சி. பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். சொல்லுய்யா!"

"அண்ணியப் பேசச் சொல்லுங்க. சொல்றேன்."

"அவங்க மடில அவரு தலைய வச்சிகினு உக்காந்துகினு கீறாங்க. வூடு ஊரு அந்தக் கடைசி. போன் இந்தக் கடைசி. நான் ஓடியாந்து பேசிகினு கீறேன். அவங்க எப்பிடி வருவாங்க?"

"அண்ணி வரட்டுங்க."

"நீ மனுசனாய்யா?" என்றார். போனை வைத்துவிட்டார்.

ரிசீவர் என் கையிலேயே இருந்தது. வைத்த நிமிஷமே மனம் மாறிவிட்டது. ஆனால் அவர் பேசிய கடையின் நம்பரை நான் கேட்டு வாங்கவில்லை. இந்தக் காலம் மாதிரி வந்த நம்பர் தெரியும் போன் இல்லை அது. தேசூரில் எந்தக் கடை, யாரைக் கூப்பிட்டுச் சொல்வது? பாய், "இன்னாப்பா, மூஞ்சியே வெளுத்துப்போச்சி?" என்றார். அவரிடமும் சொல்ல முடியவில்லை. அவர் கடைச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போனைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருபது நிமிஷம். வேறு யாரோ பூத்துக்கு வந்து பேச வேண்டும் என்றபோது, போன் வரும் என்று சொல்லி அவரைக் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அந்த இருபது நிமிஷத்தில் எனக்குப் புரிந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சபாபதி சொன்னது பொய்யாக இருந்தால் ஒரு கார் போகும். நிஜமாக இருந்தால் ஒரு உயிர் போகும். எது பொய், எது நிஜம் என்று நான் ஆரணியில் இருந்துகொண்டு கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. எதில் தப்பினால் திருத்தலாம், எதில் தப்பினால் திருத்த முடியாது என்று பார்த்திருந்தால் போதும். அதை நான் பார்க்கவில்லை. ஏகாம்பரத்துக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. "எங்க கீதுன்னு சொல்லு" என்று அவர் கேட்டதும் என் கண்முன் வந்தது அந்த ஸ்டேஷன் பெஞ்ச். நாளைக்குக் கார் காணாமல் போனால் மறுபடியும் அங்கே போய் உட்கார வேண்டியவன் நான்தானே என்ற பயம்.

போன் வந்தது. ராஜேஸ்வரி அம்மாள். இடத்தைச் சொன்னேன். வைத்துவிட்டார்.

என்னால் கடையில் உட்கார முடியவில்லை. ஷட்டரைக்கூட இறக்காமல், "பாத்துக்க பாய்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. தேவிகாபுரத்தை நெருங்கும்போது எதிரே அந்தக் கார் வந்தது. ஹாரனை அழுத்திப் பிடித்தபடி சபாபதி ஓட்டிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் ராஜேஸ்வரி அம்மாள் குனிந்திருந்தார். வண்டி ஓடுகிறதே என்று ஒரு கணம் மனசு குளிர்ந்தது. திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். கார் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது.

ஆரணியில் ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. நாலு கதவில் ஒன்று திறந்தபடியே கிடந்தது. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. வழியிலேயே உயிர் போய்விட்டது என்று வாசலில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே போகவில்லை. திறந்திருந்த கதவை மட்டும் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் எடுக்கும்போது தெருமுனையில் நின்றேன். தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிந்த இருவர் வீட்டுக்குள் இருந்தார்கள். நான் போய் யாரிடம் என்ன சொல்லி அழுவது?

கருமாதி முடிந்து இரண்டு நாள் கழித்து, சபாபதி அந்தக் காரை ஓட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். மொட்டைத்தலை. நான் எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த சுவிட்சக் கழட்டிடு" என்றார்.

ஷட்டரை இறக்கப் போனேன். "வேணாம், தொறந்தே இருக்கட்டும்" என்றார். முன்பு அவர் அண்ணன் உட்கார்ந்த அதே பக்கமாக நின்றுகொண்டார். நான் சீட்டைக் கழற்ற ஆரம்பித்ததும், யாரிடமோ பேசுவதுபோலச் சொல்ல ஆரம்பித்தார்.

"நீ அண்ணி வரணும்னு சொன்னதும் நான் திரும்ப ஓடனேன். அவங்கள எழுப்பி, 'நீங்க போய்ப் பேசனாதான் சொல்லுவானாம்'னு அனுப்பிட்டு, அண்ணன் தலைய நான் என் மடில வச்சிகினேன். அண்ணி அந்தப் பக்கம் போயி கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கண்ணத் தொறந்தாரு. 'ராஜி எங்க?'ன்னாரு. 'போன் பண்ணப் போயிருக்காங்கண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆவல'ன்னேன். என்னையே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: 'சீட்டுக்கு அடியில. கதவோரம். முன்னால தள்ளு.'"

நான் வேலையை நிறுத்திவிட்டேன்.

"அவ்ளோதான். ரெண்டு வருசத்துல அவரு எங்கிட்ட பேசின பேச்சு அதான். அதுக்கப்புறம் கண்ணு மூடிக்கிச்சி. பக்கத்துல இருந்தவங்களப் பாத்துக்கச் சொல்லிட்டு நான் போயி வண்டியக் கிளப்பினேன். அண்ணி மூச்சிரைக்க ஓடியாந்து நிக்கறாங்க, வண்டி ஓடிகினு கீது."

"இருவது நிமிசம் முன்னாடி வந்திருந்தா…" என்றேன்.

"டாக்டரக் கேட்டேன். சொல்ல முடியாதுன்னாரு. பொழச்சிருப்பாருன்னும் சொல்ல முடியாது, பொழச்சிருக்க மாட்டாருன்னும் சொல்ல முடியாதாம்."

சுவிட்சை எடுத்துவிட்டு ஒயரைச் சேர்த்து டேப் சுற்றினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"எனக்கு ஒண்ணு தெரியணும். இத்த வைக்கறப்போ என்னப் பத்தி உங்கிட்ட இன்னா சொன்னாரு?"

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க. திருட்டு பயம்னு சொன்னாரு."

சபாபதி கொஞ்சம் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணியக் கூப்புடுன்னு நீ போன்ல சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. பரவால்ல, நீ சொல்லாத. சொல்ல மாட்டேன்னுதானே உங்கிட்ட வந்தாரு."

சுவிட்சைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டதற்கு அன்றைக்கு நான் சொன்ன பொய் சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால், அண்ணன் கடைசியில் கண்ணைத் திறந்து சொன்ன அந்த நாலு வார்த்தையின் மதிப்பு அவருக்கு இன்னும் கூடியிருக்குமோ என்று சில நாள் தோன்றும். வேண்டாம், தெரியாமலே இருக்கட்டும் என்று சில நாள் தோன்றும்.

அதற்குப் பிறகும் பல வருஷம் நான் சுவிட்ச் வைத்தேன். தொழிலை விடவில்லை. ஆனால் தனியாக வருகிறவருக்கு வைப்பதை விட்டேன். "நம்பிக்கையான இன்னொரு ஆளக் கூட்டிகினு வாங்க, அவருக்கும் காட்டிட்டுதான் முடிப்பேன்" என்பேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருவர், ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, "அப்பிடி எனக்கு யாரும் இல்லப்பா" என்றார். அவருக்கு மட்டும், எந்தப் போனில் யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். சரி என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது நீங்கள் பொருத்தும் கருவியில், எங்கேயோ இருந்துகொண்டு போனைத் தொட்டே வண்டியை நிறுத்திவிடலாம் என்கிறீர்கள். எனக்கு அதன் உள்வேலை தெரியாது. வண்டி கிளம்பாமல் நிற்கும்போது உள்ளே யார் படுத்திருக்கக்கூடும் என்று மட்டும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் யாராவது வந்து, "உன்னத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது" என்று சொன்னால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். நன்றாகவே இருக்கும் அது. தனியாக வேலை செய்கிறவனுக்கு இன்னும் நன்றாக இருக்கும். அந்த நேரத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் உங்களிடம் பாதியைத்தான் சொன்னதாகும்.

ஏகாம்பரத்தின் வருஷ திதி முடிந்த பிறகு, அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்து, "அம்மா உன்ன வரச் சொன்னாங்க" என்றார். சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். வழக்கம்போல வாசலில் நின்றேன். "உள்ள வாப்பா" என்றார் ராஜேஸ்வரி அம்மாள். கூடத்தில் ஒரு நாற்காலியைக் காட்டினார். அந்த வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஏகாம்பரத்தின் படம் சுவரில் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"உன்னத் திட்டறதுக்குக் கூப்புடல" என்றார். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். வேற யாரையும் கேக்க முடியாது."

"கேளுங்கம்மா."

"அன்னிக்கி அவரு கண்ணத் தொறந்து, 'ராஜி எங்க'ன்னு கேட்டாராம். சபாபதி சொன்னான். நான் பக்கத்துல இல்ல. உங்கிட்ட பேசப் போயிட்டேன். வூட்லேர்ந்து ஓடனது நெனப்பு கீது. திரும்பி வந்தப்போ வண்டி சத்தம் கேட்டுது, அதுவும் நெனப்பு கீது. நடுவுல போன்ல நான் இன்னா பேசனேன்னு சுத்தமா நெனப்பு இல்ல. ஒரு வருசமா யோசிச்சிகினு கீறேன். அவரு என்னத் தேடனப்போ நான் இன்னாதான் பேசிகினு இருந்தேன்? உனக்குத் தெரியுமில்லப்பா?"

எனக்குத் தெரியும். ஒரு எழுத்து விடாமல் தெரியும்.

"'அலோ, அலோ'ன்னு ரெண்டு தடவ சொன்னீங்கம்மா. மூச்சு வாங்கிச்சி. அப்புறம், 'நான் அவரு வூட்டுக்காரம்மா பேசறேன், சொல்லுப்பா'ன்னீங்க. நான், 'டிரைவர் சீட்டுக்கு அடியில, கதவோரம் கைய விட்டா ஒரு குமிழு தட்டுப்படும், அத்த முன்னால தள்ளணும்'னேன். 'சீட்டுக்கு அடியில, கதவோரம், முன்னால'ன்னு நீங்க திருப்பிச் சொன்னீங்க. மறந்துடக் கூடாதுன்னு இன்னொரு வாட்டியும் சொன்னீங்க. 'சரிப்பா'ன்னீங்க."

அங்கே நிறுத்தினேன்.

"அப்புறம்?"

"அப்புறம், 'செருப்பு போடல, ரோடு சுடுது'ன்னீங்க. எங்கிட்ட சொல்லலம்மா. நீங்களா சொல்லிகினீங்க. அப்புறம் வச்சிட்டீங்க."

அவர் தன் கால்களைப் பார்த்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

"இன்னொரு தடவ சொல்லுப்பா" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன்.